பிள்ளைகளோடு குடியேற ஒரு வாடகை வீடு: வாசகர் கேள்வி – பதில்

குடும்பத்தோடு குடியிருக்க ஏற்ற வாடகை வீடு கிடைக்காமல் அலைகிறவர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியும், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்தும் வெளியிடுகிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். நானும் என் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். வாடகையைத் தவறாமல் கட்டிவிடக்கூடிய நிலையில்தான் இருக்கிறோம். தொலைபேசியில் கேட்கும்போது வீடு காலியாக இருக்கிறது என்கிறார்கள். "எத்தனை பேர் இருப்பீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவுடன் குரல் மாறிவிடுகிறது. "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். அதன் பிறகு நாம் அழைத்தால் எடுப்பதில்லை. சின்னவனைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், குடியேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுத் தரகர் யோசனை சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். தரகரின் யோசனையை ஏற்காதீர்கள். அவருடைய வேலை சாவி கைமாறுவதோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் வாழப்போகிறவர்கள் நீங்கள். வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்போர் யார் யார் என்று எழுதும் இடத்தில் ஒரு பெயரை விட்டுவிட்டால், பின்னாளில் உங்களை வெளியேற்ற விரும்பும் உரிமையாளருக்கு நீங்களே ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளையிடம், மாடிப்படியில் காலடி கேட்டால் பேசாதே, ஜன்னல் பக்கம் போகாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்க வேண்டியிருக்கும். குழாய் ஒழுகினாலும் சுவர் ஈரம் கண்டாலும் உரிமையாளரைக் கூப்பிடத் தயங்குவீர்கள், ஏனென்றால் அவர் உள்ளே வந்தால் பிள்ளையைப் பார்த்துவிடுவார். சொந்த வீட்டுக்குள் ஒளிந்து வாழ்வதற்கு யாரும் வாடகை கொடுக்கத் தேவையில்லை.

எனவே, கேட்ட பிறகு சொல்வதை விட்டுவிட்டு, கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். "நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள், பெரியவள் படிப்பு முடியும்வரை ஒரே இடத்தில் இருக்க விரும்புகிறோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால், தர விரும்பாதவர்கள் அப்போதே விலகிக்கொள்வார்கள். அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நேரில் போய்ப் பார்த்து, பிடித்துப்போய், மனத்தில் அறைகளைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு மறுக்கப்படும் வருத்தத்தைவிட இது குறைவு, அலைச்சலும் மிச்சம்.

பிள்ளைகள் உள்ள குடும்பம் என்றதும் உரிமையாளர்கள் தயங்குவதற்குப் பெரும்பாலும் நான்கு அச்சங்கள்தான் காரணம். சுவரைக் கிறுக்கிப் பாழாக்குவார்கள், சத்தத்தால் அக்கம்பக்கத்தார் குறை சொல்வார்கள், தண்ணீரும் வடிகாலும் அடிக்கடி பழுதாகும், காலி செய்யச் சொன்னால் பள்ளியைக் காரணம் காட்டி நகர மாட்டார்கள். இவற்றை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால் நீங்களும் பதில் அளிக்க முடிவதில்லை. ஆகவே பேச்சை நீங்களே தொடங்குங்கள். வீட்டைக் காலி செய்யும்போது உட்சுவர்களுக்கு எங்கள் செலவில் வண்ணம் அடித்துத் தருகிறோம் என்று சொல்லி, அதை ஒப்பந்தத்தில் சேர்க்கவும் இசையுங்கள். இப்போதைய வீட்டு உரிமையாளரிடம், வாடகை ஒழுங்காக வந்தது, வீட்டை நன்றாக வைத்திருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை செலுத்தியதற்கான ரசீதுகளையோ வங்கிப் பதிவுகளையோ அதனுடன் சேர்த்துக் காட்டுங்கள். உங்கள் தரப்பில் மிக வலுவான வாதம் வேறொன்று இருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள குடும்பம் எளிதில் வீடு மாறாது. ஒரு குடித்தனம் போய் இன்னொன்று வரும் இடைவெளியில் வாடகை இழப்பும், தரகுக் கூலியும், வெள்ளையடிக்கும் செலவும் உரிமையாளருக்கு நேர்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இந்த இழப்பைத் தாங்குவதைவிட, பல ஆண்டுகள் தொடர்ந்து இருக்கும் குடும்பம் அவருக்கும் நல்லது என்பதைப் பணிவாக, ஆனால் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

தேடும் இடத்தையும் சற்று மாற்றிப் பாருங்கள். விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடும் வீடுகள் நிறைய உண்டு. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். பிள்ளைகளை வளர்த்த குடும்பம் காலி செய்யும் வீட்டின் உரிமையாளர், இன்னொரு குடும்பத்தை ஏற்பதற்கு ஏற்கெனவே பழகியவராக இருப்பார்.

கேள்வி: "குழந்தைகள் உள்ளவர்களுக்கு வீடு இல்லை" என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்கிறார்களே, இது சட்டப்படி சரியா?

பதில்: நீங்கள் வாழும் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் இது சட்டவிரோதம். அங்கே 1968ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுத்தது. 1988இல் வந்த திருத்தம், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களையும் கருவுற்றிருக்கும் பெண்களையும் அந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. வீடு மறுப்பது மட்டுமன்றி, பிள்ளைகள் உள்ளவர்களைக் கீழ்த்தளத்துக்கோ ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்கோ ஒதுக்கித் தள்ளுவதும் சட்டவிரோதமே. முதியோருக்கென்று அமைந்த குடியிருப்புகளுக்கும், உரிமையாளரே குடியிருக்கும் சிறிய கட்டடங்கள் சிலவற்றுக்கும் விலக்கு உண்டு. இங்கிலாந்து 2025ஆம் ஆண்டு இயற்றிய வாடகைதாரர் உரிமைச் சட்டமும், பிள்ளைகள் இருப்பதைக் காரணம் காட்டி வாடகைக்கு விட மறுப்பதைத் தடை செய்கிறது. இப்படி வெளிப்படையான சட்டம் இல்லாத நாடுகளும் பல உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 27ஆவது பிரிவில், பிள்ளைகளின் வளர்ச்சிக்குத் தேவையான வாழ்க்கைத் தரத்தைப் பற்றிப் பேசும்போது, வீட்டுவசதியில் பெற்றோருக்கு உதவ வேண்டிய கடமை அரசுகளுக்கு உண்டு என்கிறது. அது அரசுகளைக் கட்டுப்படுத்துமே தவிர, தனிப்பட்ட உரிமையாளரின் வாசலில் நின்று எடுத்துக்காட்டக்கூடிய ஆணை ஆகாது.

உங்கள் ஊரில் அத்தகைய சட்டம் இருந்தால், விளம்பரத்தையும் மறுப்புச் செய்தியையும் சேமித்து வைத்து முறையிடுங்கள். முறையீட்டின் முடிவு வரும்வரை தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: வீடு பார்க்கப் போனால் கால் மணி நேரம்கூடத் தருவதில்லை. அதற்குள் எதைப் பார்ப்பது? எங்களுக்கு நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கிறது.

பதில்: கூடத்தின் அழகையும் அடுக்களை மேடையையும் பார்ப்பதில்தான் அந்தக் கால் மணி நேரம் பெரும்பாலும் போய்விடுகிறது. அவற்றை விளம்பரப் படங்களிலேயே பார்த்துவிடலாம். உள்ளே நுழைந்ததும் ஓர் அறையின் நடுவில் முழங்காலிட்டு உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். உங்கள் பிள்ளை அந்த வீட்டைப் பார்க்கப்போகும் உயரம் அதுதான். நின்றபடி பார்க்கும்போது கண்ணில் படாத மின் பிளக் பாயின்ட், உடைந்த தரை ஓட்டின் விளிம்பு, கதவின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் தாழ்ப்பாள், எல்லாம் அப்போது நேருக்கு நேர் தெரியும்.

பிறகு பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் செல்லுங்கள். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று பல நாடுகளின் கட்டட விதிகள் சொல்கின்றன. அதைவிட அகலமான இடைவெளியில் சிறு குழந்தையின் உடல் நுழைந்துவிடும். தலை சிக்கிக்கொள்ளும் அல்லது முழு உடலும் வெளியே போய்விடும். கம்பிகள் செங்குத்தாக இருக்கின்றனவா, கிடைமட்டமாக இருக்கின்றனவா என்பதும் முக்கியம், ஏனென்றால் கிடைமட்டக் கம்பிகளில் ஏறிவிடப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலுக்குக் கம்பி போடுவதை உரிமையாளரின் பெருந்தன்மைக்கு விட்டுவிட முடியாது என்பதை உணர்ந்து, நியூயார்க் நகரம் 1976இலேயே ஒரு விதியைக் கொண்டுவந்தது. 10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகள் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் தடுப்புகளைப் பொருத்தித் தரும் பொறுப்பு உரிமையாளருடையது என்பது அந்த விதி. அதன் பின் அந்த நகரில் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து விழுவது வெகுவாகக் குறைந்தது. உங்கள் ஊரில் விதி இல்லாவிட்டாலும், தடுப்புக் கம்பி பொருத்த அனுமதி உண்டா என்று அங்கேயே கேளுங்கள். அனுமதி இல்லையென்றால், மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும் அந்த வீடு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குளியலறையில் தண்ணீர் சூடாக்கும் கருவியின் வெப்பநிலையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமான தீப்புண்ணை உண்டாக்கிவிடும்; குழந்தையின் மெல்லிய தோலுக்கு அந்த நேரமும் தேவைப்படாது. ஏறத்தாழ 49 டிகிரியில் வைத்தால், கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். உள்தாழ்ப்பாளைப் பிள்ளை போட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழி உண்டா? நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருந்தால், அதன் மூடி பூட்டக்கூடியதா? தவழும் வயதுப் பிள்ளை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும் என்பதால், திறந்து கிடக்கும் தொட்டியோடு எந்தச் சமரசமும் வேண்டாம்.

சுவரின் ஈரம் உடனே தெரியாத ஆபத்து. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் வரும் வாடையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். அலமாரிக்குப் பின்னாலும், குளியலறையை ஒட்டிய அறையின் மூலையிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் அதிகமாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் எடுத்துக்காட்டின. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, பூசணம் படர்ந்த வாடகை வீட்டில் நெடுநாள் வாழ்ந்ததால் மூச்சுக் கோளாறு ஏற்பட்டு இறந்தது. பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டும் வீடு செப்பனிடப்படவில்லை. சமூக வாடகை வீடுகளில் இத்தகைய குறைகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே வழங்குகிறது.

பழைய வீடு என்றால் உரிந்து வரும் வண்ணப்பூச்சையும் கவனியுங்கள். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தைப் பொறுத்தவரை இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. எதையும் வாயில் வைக்கும் வயதில் பிள்ளையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. இந்தியாவில் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற உச்ச வரம்பு 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. உரிந்த பூச்சை நீங்களே உலர்ந்த நிலையில் தேய்த்து எடுக்காதீர்கள், அந்தத் தூசிதான் மிகவும் கெடுதலானது.

ஒரே முறை பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். பகலில் பார்த்த வீட்டை, பிள்ளை உறங்கும் நேரத்தில் தெருவில் நின்றாவது இன்னொரு முறை பாருங்கள். பள்ளிக்குப் போகும் அதே காலை நேரத்தில் அந்த வழியை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: கைக்குழந்தையோடு என் மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. மின்தூக்கி உள்ள மேல்தளமா, இருட்டான கீழ்த்தளமா?

பதில்: மின்தூக்கி பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாள்கணக்கில் நின்றுவிடுவது வழக்கமென்றால், அந்த நாட்களில் மாமியார் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் முடியாது. நல்ல பராமரிப்பு இருந்தால் வெளிச்சமுள்ள மேல்தளமே நல்லது, ஏனென்றால் பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அவரும் குழந்தையும்தான். எந்தத் தளமானாலும் கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். 80 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்படும்போது உள்ளே போவது கடினமாகிவிடும். சுவரில் கைப்பிடி பொருத்துவதற்கு எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை கொடுக்கக்கூடாது என்கிறார்கள். அந்த வரம்புக்குள் எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வீடே கிடைக்கவில்லை.

பதில்: அந்த 30 சதவீதம் குடும்பங்களின் தேவையைக் கணக்கிட்டு வந்த எண் அல்ல. அமெரிக்காவில் அரசு வீடுகளில் குடியிருப்போர் தம் வருமானத்தில் எவ்வளவு வாடகையாகச் செலுத்த வேண்டும் என்பதற்கு 1969இல் 25 சதவீதம் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். அந்த எண் மெல்ல மெல்ல எல்லோருக்கும் பொது விதிபோல் பரவிவிட்டது. தனியாள் ஒருவருக்கு மிஞ்சும் 70 சதவீதமும், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மிஞ்சும் 70 சதவீதமும் ஒன்றல்ல. கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். உணவு, பள்ளி, மருத்துவம், போக்குவரத்து, கடன் தவணை, சிறிதளவு சேமிப்பு ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே நீங்கள் வாடகைக்கு ஒதுக்கக்கூடிய தொகை. பராமரிப்புக் கட்டணமும் மின்சாரமும் தண்ணீரும் அதற்குள் அடங்க வேண்டும். வாடகை குறைவு என்று தொலைவில் வீடு பார்க்கிறவர்கள், போக்குவரத்துச் செலவையும் பிள்ளை காப்பகத்தில் கூடுதலாக இருக்கும் நேரத்துக்கான கட்டணத்தையும் அந்த வாடகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: குடியேறி ஓராண்டு முடிவதற்குள், வீட்டை விற்கப்போகிறோம் என்று சொல்லி எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் மகளை வேறு பள்ளிக்கு மாற்றினோம். புதிய இடத்தில் அவள் யாரோடும் பேசுவதில்லை. அடுத்து இன்னொரு வீடு எடுக்கும்போது எதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்?

பதில்: வந்த கடிதங்களில் என்னை மிகவும் வருத்தியது உங்களுடையது. அறைகள் எத்தனை, வாடகை எவ்வளவு என்று கேட்கும் நாம், இந்த வீட்டில் எத்தனை காலம் இருக்கலாம் என்பதைக் கடைசியாகத்தான் கேட்கிறோம். பல நேரங்களில் கேட்பதே இல்லை. குடும்பத்துக்கு ஏற்ற வீடு எது என்று என்னைக் கேட்டால், பிள்ளை நண்பர்களைத் தேடிக்கொள்வதற்கும் அந்த நட்பு நிலைப்பதற்கும் வேண்டிய காலம் வரையில் இருக்க முடிகிற வீடு என்றே சொல்வேன். ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 1991இல் தனது நான்காவது பொதுக் கருத்துரையில், போதுமான வீட்டுவசதி என்பதற்கு ஏழு கூறுகளை வகுத்தது. கட்டுப்படியாகும் செலவு, குடியிருக்கத்தக்க நிலை, அமைவிடம் போன்றவை அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் முதலாவதாக அந்தக் குழு வைத்தது, குடியிருப்பில் சட்டப் பாதுகாப்பு, அதாவது திடீரென வெளியேற்றப்படாமல் இருக்கும் உறுதி.

இதைச் சட்டமே உறுதி செய்யும் நாடுகள் உண்டு. ஜெர்மனியில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முடிவுத் தேதி இல்லாதவை. உரிமையாளர் தக்க காரணம் காட்டியே காலி செய்யச் சொல்ல முடியும். அப்போதும் 3 மாத முன்னறிவிப்பு தேவை. 5 ஆண்டுகள் குடியிருந்தவருக்கு 6 மாதமும், 8 ஆண்டுகள் குடியிருந்தவருக்கு 9 மாதமும் அவகாசம் தர வேண்டும். நெடுங்காலம் வேர்விட்டவருக்கு நீண்ட அவகாசம் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. இத்தகைய பாதுகாப்பு இல்லாத இடங்களில், அதன் ஒரு பகுதியையாவது ஒப்பந்தத்தின் வழியாக நாமே கேட்டுப் பெற வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே உரிமையாளரிடம், இந்த வீட்டை விற்கும் எண்ணம் உண்டா, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இங்கே குடிவரத் திட்டம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை; உண்மையான பதில் வந்தால் இருவருக்கும் நல்லது. ஓராண்டு என்பதை மூன்று ஆண்டுகளாக எழுத முடியுமா என்று கேளுங்கள். ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு கூடும் என்பதை இப்போதே குறிப்பிட்டுவிட்டால், உரிமையாளர் நீண்ட ஒப்பந்தத்துக்குத் தயங்குவதற்கான முக்கியக் காரணம் நீங்கிவிடும். ஒப்பந்தம் முடியும் நாள் பள்ளி ஆண்டு முடிந்த பிறகு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு யாருக்கும் செலவில்லை, ஆனால் பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. இரு தரப்புக்கும் முன்னறிவிப்புக் காலம் எத்தனை மாதம் என்பதையும், பள்ளி ஆண்டின் நடுவில் காலி செய்ய நேர்ந்தால் அந்தக் காலம் நீளும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வீடு விற்கப்பட்டாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாங்குபவரும் அதற்குக் கட்டுப்படுவார் என்ற வரி இருந்திருந்தால் உங்களுக்கு உதவியிருக்கும். அந்த வரிக்கு முழு வலு கிடைக்க ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமா என்பதை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணத்தைப் பற்றியும் தெளிவாக இருங்கள். ஜெர்மனியில் அதன் உச்ச வரம்பு மூன்று மாத வாடகை. இங்கிலாந்தில் 2019இலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகை. இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகை என்கிறது, ஆனால் மாநிலங்கள் ஏற்றால்தான் அது செல்லும். உங்கள் ஊரின் வரம்பு எதுவானாலும், திருப்பித் தரும் நாளும், எந்தக் காரணத்துக்காக எவ்வளவு பிடித்தம் செய்யலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்தப் பணம் கைக்கு வராமல் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியாத நிலையில்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

மூன்று அறை உள்ள வீடு ஓராண்டுக்கும், இரண்டு அறை உள்ள வீடு மூன்றாண்டுக்கும் கிடைத்தால், இரண்டாவதை எடுங்கள். உங்கள் மகளைப் பற்றி ஒரு சொல்: புதிய வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி வையுங்கள். பழைய பள்ளித் தோழிகளில் ஒருத்தியையாவது வார விடுமுறையில் வீட்டுக்கு வரவழையுங்கள்.

கேள்வி: எங்கள் மகன் ஓடுகிறான், குதிக்கிறான் என்று கீழ்வீட்டுக்காரர் நாள்தோறும் வந்து குறை சொல்கிறார். பிள்ளையை அடித்து உட்காரவைக்க முடியுமா?

பதில்: கூடாது. ஆனால் அவருடைய குறையும் பொய்யாக இராது. பேச்சொலி காற்றின் வழியே வருகிறது. குதிக்கும் ஒலி தளத்தின் வழியாகவே கீழே இறங்குகிறது. அதனால் உங்கள் காதுக்குச் சிறிதாகப் படுவது கீழே இருப்பவருக்கு இடிபோல் கேட்கும். இத்தகைய ஒலியை அது தோன்றும் இடத்திலேயே தணிப்பதுதான் எளிது. பிள்ளை விளையாடும் பகுதியில் தடிமனான ரப்பர் விரிப்போ நுரை விரிப்போ போடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டுங்கள். கீழே அவருடைய படுக்கையறை எது என்று கேட்டறிந்து, விளையாட்டை அதற்கு மேலிருக்கும் அறையிலிருந்து வேறோர் அறைக்கு மாற்றுங்கள். மகனோடு ஒருநாள் கீழே சென்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்த நேரத்தில் அவருக்கு அமைதி தேவை என்று கேட்டு அந்த நேரத்தை மட்டும் காத்துக்கொடுங்கள். மற்ற நேரங்களில் பிள்ளை விளையாடத்தான் செய்வான் என்பதையும் கனிவாகச் சொல்லிவிடுங்கள். காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் எழும் பிள்ளைகளின் ஒலி பொதுவாகச் சுற்றுச்சூழல் தீங்காகக் கருதப்படாது என்று ஜெர்மனி 2011இல் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

கேள்வி: போட்டி அதிகமாக இருப்பதால், பார்ப்பதற்கு முன்பே முன்பணத்தின் ஒரு பகுதியை அனுப்பி வைத்தால் வீட்டை நிறுத்தி வைப்பதாக ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். வீட்டின் உள்ளே சென்று பார்க்காமலும், உரிமையாளர் அவர்தான் என்பதற்கான ஆவணத்தைப் பார்க்காமலும், ரசீது இல்லாமலும் ஒரு காசும் அனுப்பாதீர்கள். நெருக்கடியில் இருப்பவர்களைக் குறிவைத்தே இந்த மோசடி நடக்கிறது.

கேள்வி: நான் ஒரு வீட்டு உரிமையாளர். முன்பு குடியிருந்த குடும்பத்தின் பிள்ளைகளால் சுவரும் கதவும் மிகவும் பாழாயின. அதனால் இப்போது பிள்ளைகள் இல்லாதவர்களுக்கே விடுகிறேன். இதைத் தவறு என்று சொல்வீர்களா?

பதில்: உங்களுக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது, அதைப் பொருட்படுத்தாமல் உங்களைக் குறை கூற மாட்டேன். ஆனால் ஒரு குடும்பம் செய்ததற்கு, நீங்கள் இன்னும் சந்திக்காத எல்லாக் குடும்பங்களையும் விலக்கிவைப்பது முறையல்ல என்று நினைக்கிறேன். எல்லா உரிமையாளர்களும் இப்படியே முடிவெடுத்தால், சம்பாதிக்கிற, வாடகை கட்டத் தயாராக இருக்கிற ஒரு தாயும் தகப்பனும் தம் பிள்ளையின் இருப்பை மறைக்க வேண்டிய நிலை வருகிறது. இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்.

பிள்ளை இல்லாதவர்களும் சுவரில் ஆணி அடிப்பார்கள், கதவில் நாயைக் கட்டுவார்கள். இழப்பு வராமல் காப்பது குடியிருப்பவரின் பொறுப்புணர்ச்சியும் தெளிவான எழுத்தும்தான். முந்தைய உரிமையாளரிடம் விசாரியுங்கள். கழுவித் துடைக்கக்கூடிய வண்ணப்பூச்சை உட்சுவர்களுக்கு அடியுங்கள். பென்சில் கிறுக்கல் ஈரத்துணியோடு போய்விடும். சாவி கொடுக்கும் நாளில், குடியேறும் குடும்பத்தோடு சேர்ந்து அறை அறையாகச் சென்று, சுவர், கதவு, குழாய், மின்விசிறி ஒவ்வொன்றின் நிலையையும் படம் பிடித்து, பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படியாக வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், நாள்பட்ட தேய்மானம் எது, சேதம் எது என்பதில் வாக்குவாதம் எழாது. சேதத்துக்கு உரியதை மட்டும் முன்பணத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதியை அன்றே கொடுத்துவிடலாம்.